மூச்சை விட்டபின் எடுத்த அளவு

மார்ச் மாதம் ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. விடியும் முன்பே தூறல் தொடங்கியிருந்தது. காற்று சிறிதும் இல்லாமையால் மழை சாயாமல் நேர்க்கோடுகளாக இறங்கி, சீருடைக் கடையின் தகரப் பெயர்ப்பலகையின் மேல் தையல் இயந்திரம் ஓடுவதைப்போல ஓயாமல் ஒலித்துக்கொண்டிருந்தது.

கடைக்கு மேலே இரண்டே அறைகள். முன்னறையின் மேசையில் ஒரு பக்கம் கணினி, மறுபக்கம் வெட்டிவைத்த காலர் துண்டுகள். கணினியின் முன்னால் தம்பி உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பின்னால், கழுத்தில் மாலையாக அளவுநாடா தொங்க, அவனுடைய அக்கா நின்றுகொண்டிருந்தாள். உறங்கும்போதும் அந்த நாடாவை அவள் கழற்றுவதில்லை என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு, அது பொய். ஆயினும் அவளுடைய பெயரை மறந்தவர்கள்கூட 'டேப்பக்கா' என்றால் வழி காட்டிவிடுவார்கள் என்பது மெய்.

"வந்துருச்சாடா?"

"இன்னும் ஒரு நிமிஷம் இருக்குக்கா. உலை கொதிக்கிறதுக்கு முன்னாடி மூடியத் திறந்து திறந்து பாக்காத."

"நான் எங்கடா பாக்குறேன். சும்மா நிக்கிறேன்."

"சும்மா நிக்கிறவ மூச்சு எதுக்கு என் காதுல சூடா அடிக்குது?"

அடுத்த அறையில் அவள் கணவர் ஒரு செவிலியர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். சீருடை வெட்டுவதில் அவருக்கு இணை அந்த வட்டாரத்தில் இல்லை. எனவே மனைவி உட்பட எல்லாருக்கும் அவர் 'மாஸ்டர்'தான். "மணி ஆறு," என்று அவர் அங்கிருந்தே அறிவித்தார்.

திரையில், அவர்களுடைய இணையதளத்தின் மேல்மூலையில், அளவு எழுதியவர்களைக் காட்டும் எண் அசைந்தது. ஏழு. பத்தொன்பது. நூற்று நான்கு. பிறகு அது எண்ணாக இல்லாமல் ஓடும் நீராக ஆகிவிட்டது. ஆறு மணி பத்து நிமிடத்திற்கு அது நின்றபோது மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு என்று காட்டியது.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏண்டா, இத்தனை பேருமா? இப்பவா? ஒரே நேரத்துல டேப்பைச் சுத்திக்கிட்டு நின்னாங்களா?"

"நீதானக்கா எழுதி வச்சிருக்க. ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணி, வெறும் வயிறு, கண்ணாடி முன்னாடின்னு."

"எழுதினா செஞ்சிருவாங்களா?"

அவளால் நம்ப முடியவில்லை. அவள் கண்ட கூட்டங்களிலெல்லாம் பெரியது பேருந்துப் பணிமனையில் பணிமாறும் நேரத்துக் கூட்டம். அது முந்நூறு பேர் இருக்கும். அதைப்போல் பத்து மடங்கு மனிதர்கள், அவள் ஒருநாளும் நுழைந்திராத அறைகளில், சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தொப்புளுக்கு மேலே ஒரு நாடாவைச் சுற்றி, குனிந்து எண்ணைப் பார்த்த காட்சி அவள் கண்முன் எழுந்தது. அவர்களில் ஒருவரும் மற்றவரை அறியார். எனினும் ஒரே நிமிடத்தில் ஒரே செயலைச் செய்தார்கள். பெரிய மலையின் அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பவளைப்போல் அவள் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

இந்த இணையதளம் தோன்றிய வரலாற்றை இவ்விடத்தில் கூறிவிடுதல் நலம்.

மாஸ்டரின் கடை, பேருந்துப் பணிமனைக்கும் மருத்துவமனைக்கும் நடுவில் இருந்தது. ஓட்டுநர்கள், செவிலியர்கள், காவலாளிகள் ஆகியோருக்குச் சீருடை தைப்பதே தொழில். அளவெடுப்பது அக்கா, எழுதுவதும் வெட்டுவதும் மாஸ்டர். கடையின் மூலையில் பச்சைத் திரை தொங்கும் ஒரு சிறு மறைப்பு உண்டு. அதற்குள் நுழைந்த எவரும் உடனே வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். அக்கா அளக்கமாட்டாள். நாடாவைத் தளரப் பிடித்தபடி, "பஸ்ல டிக்கெட் கிடைச்சுதா?" என்பதுபோல் எதையாவது கேட்பாள். அவர்கள் பதில் சொல்ல வாய் திறப்பார்கள்; மூச்சு வெளியே வரும்; வயிறு தன் இடத்துக்குத் திரும்பும். அந்தக் கணத்தில் நாடா சுற்றும். பிறகு அவள் திரையை விலக்கிக்கொண்டு போய், அந்த எண்ணை மாஸ்டரின் காதில் மட்டும் சொல்வாள். உரக்கச் சொல்லும் வழக்கம் அக்கடையில் இல்லை. உடம்பின் எண் உடையவருக்கே தெரியவேண்டாம் என்று நினைப்பவர்கள்தாம் அங்கே அதிகம்.

பத்தொன்பது ஆண்டுகள் அந்தத் திரைக்குள் அவள் கேட்டவை எத்தனையோ பேருடைய ரகசியங்கள். "அடுத்த மாசம் குறைச்சிருவேன், இப்ப கொஞ்சம் தாராளமா தைங்க." "வீட்டுக்காரர் சிரிக்கிறாருக்கா." "படி ஏறினா நெஞ்சு அடைக்குது, யார்கிட்டயும் சொல்லிராதீங்க." கடைக்கு வராத இவர்களைப்போன்றவர்களும் பேசுவதற்கு ஒரு திரை வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. தம்பியிடம் சொன்னாள். அவன் பிறருக்கு இணையதளங்கள் அமைத்துக் கொடுத்துப் பிழைப்பவன்.

அன்று அவன் சிரித்த சிரிப்புக்கு இஸ்திரிப் பெட்டி தவிர மற்ற எல்லாம் குலுங்கின.

"எடை குறைக்கிற சைட்டா? அக்கா, கடல்ல உப்பு விக்கப் போறேங்குற. இங்க பாரு." தேடிக் காட்டினான். பொடி, பச்சைத் தண்ணீர், அதிரும் பெல்ட், ஏழே நாளில், மூன்றே நாளில், உறங்கும்போதே. இடப்பக்கம் பெருத்தும் வலப்பக்கம் இளைத்தும் நிற்கும் ஒரே மனிதன். "கோடிக்கணக்குல இருக்கு. அவன்லாம் டாக்டர் கோட்டு மாட்டி நிக்கிறான். நீ என்ன மாட்டி நிப்ப?"

"டேப்பு."

"டேப்பு வீட்டுக்கு வீடு இருக்கேக்கா."

"இருக்குல்ல? அதைத்தான் சொல்றேன். எடை மெஷின் எல்லார் வீட்லயும் இருக்கா? பொடி விக்க வேணாம், போட்டோ கேக்க வேணாம், பேர்கூடக் கேக்க வேணாம். டேப்பை எடு, அளந்து எழுது, அந்த வாரம் என்ன கஷ்டமோ அதையும் எழுது. நாங்க கேக்குறோம். அவ்வளவுதான்."

"அவ்வளவுதான்னு சொல்ற சைட்டுக்கு எவன் வருவான்?"

"திரைக்குள்ள எப்படி வராங்க?"

தம்பி வேலையைத் தொடங்கினான். பக்கத்தின் பின்னணிக்கு அந்தத் திரையின் பச்சை நிறத்தையே வைத்தான். உச்சியில் அக்கா சொன்ன ஒரு வரி: 'மூச்சை விடுங்கள். பிறகு அளக்கலாம்.' நடப்பது எப்படி, இரவுச் சாப்பாட்டை எப்போது முடிப்பது என்பன போன்ற எளிய யோசனைகளை மருத்துவமனையின் தலைமைச் செவிலி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அந்த அம்மாதான் முதலில் சேர்ந்தவரும்.

அவரையும் சேர்த்துக் கடையின் வாடிக்கையாளர்கள் நாற்பத்தொரு பேர் சேர்ந்தார்கள். அவர்களுடைய தொடக்க அளவுகளை அக்கா கடையின் அளவுப் புத்தகத்திலிருந்து தானே படித்துச் சொன்னாள், தம்பி தட்டினான். மூன்று வாரம் கழித்து அவர்கள் தத்தம் வீட்டில் தாமே அளந்து எழுதினார்கள். அப்போது நடந்ததைக் கண்டு தம்பி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான். நாற்பத்தொரு பேருக்கும் குறைந்திருந்தது. பெரும்பாலோர்க்கு இரண்டு அங்குலம். சிலருக்கு இரண்டரை. ஒரு காவலாளிக்கு மட்டும் ஒன்றரை.

'நாற்பத்தொரு பேர். மூன்றே வாரம். ஒருவர்கூடத் தவறவில்லை.' இந்த வாசகத்தை அவன் முகப்பில் பெரிதாக ஏற்றினான். தலைமைச் செவிலி தம் வார்டில் இருந்த எல்லாரிடமும் சொன்னார். வார்டு ஊருக்குச் சொன்னது. கோடித் தளங்களுக்கு நடுவில் ஒரு பச்சைத் திரை இப்படித்தான் கண்ணில் பட்டது.

மார்ச் ஒன்பதாம் நாளுக்குத் திரும்புவோம்.

அன்று காலை ஒன்பது மணி அளவில் கடையின் முன்னால் ஒரு பேருந்து நின்றது. வழித்தடப் பேருந்து அங்கே நிற்கக் கூடாது, அதுவும் காலியாக. அதிலிருந்து ஓட்டுநர் இறங்கினார். ஆறடி உயரம், அதற்குத் தகுந்த அகலம். ஒரு கையால் கால்சட்டையின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மழைக்குக் குனிந்து, கடைக்குள் வந்தார்.

"டேப்பக்கா! உன்னைவிட எட்டு வயசு மூத்தவன், இருந்தாலும் அக்கான்னே கூப்பிடுறேன். வெளிய வா!"

"என்னண்ணே, இடுப்பைப் பிடிச்சிக்கிட்டு வரீங்க? சுளுக்கா?"

"சுளுக்கு இல்ல, மானம். விட்டா இறங்கிரும்." கையை நீட்டினார். உள்ளங்கையில் ஒரு கறுப்புப் பொத்தான். "முந்தாநாள் மாஸ்டர்கிட்ட குடுத்தேன். ரெண்டு இஞ்சு குறைஞ்சிருக்கேன், ரெண்டு இஞ்சு பிடிச்சுக் குடுங்கன்னேன். பிடிச்சுக் குடுத்தாரு. காலைல மாட்டினேன், நின்னப்போ நல்லாத்தான் இருந்துது. என் பொண்டாட்டி சுத்திச் சுத்திப் பாத்தா. வண்டில ஏறி சீட்ல உக்காந்தேன் பாரு..."

"உக்காந்து?"

"துப்பாக்கி கணக்கா வெடிச்சுது. கண்ணாடில பட்டுத் தெறிச்சு கண்டக்டர் மடில விழுந்துருச்சு. அவன் சில்லறைன்னு நினைச்சு பைல போட்டுட்டான்!"

தம்பி மாடிப்படியில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தான். ஓட்டுநரும் சிரித்தார். ஆனால் சிரிப்பு முடிந்ததும் அவர் முகத்தில் ஒரு நிழல் தங்கிவிட்டதை அக்கா கவனித்தாள்.

"மறுபடி ஏறிருச்சாக்கா?" என்று அவர் தாழ்ந்த குரலில் கேட்டார். "சத்தியமா ராத்திரி ஏழு மணிக்கு மேல வாயில ஒண்ணும் வைக்கல. டிப்போல பொரிச்சதைத் தின்னுட்டு என் முகத்துக்கு நேரா ஏப்பம் விடுறானுங்க. நான் ஆப்பிளைக் கடிச்சிட்டு உக்காந்திருக்கேன்."

"உள்ள வாங்கண்ணே."

திரை மூடிற்று. "பொண்ணு பரீட்சை எழுதிட்டாளா?" என்று உள்ளே அக்காவின் குரல் கேட்டது. "எழுதிட்டா, கணக்குதான் கொஞ்சம்..." என்று ஓட்டுநரின் குரல் தளர்ந்தது. பிறகு அக்கா வெளியே வந்து மாஸ்டரின் காதருகே குனிந்தாள்.

"நாப்பத்திரண்டு. இன்னைக்குக் காலைல அவர் எழுதினதும் அதேதான். ஏறல. அப்புறம் ஏன் பொத்தான் தெறிக்குது?"

மாஸ்டர் அளவுப் புத்தகத்தைப் புரட்டி, ஓட்டுநரின் பக்கத்தில் விரலை வைத்தார்.

"நாப்பத்திநாலுன்னு போட்டிருக்கு. சரியாத்தான இருக்கு? நாப்பத்திரண்டும் ரெண்டும் நாப்பத்திநாலு."

"எந்த ரெண்டு?"

"என்ன எந்த ரெண்டு? லூசு ரெண்டு."

"லூசு வெட்டும்போது போடுவீங்க."

"வெட்டும்போது எவன் ஞாபகம் வச்சுப் போடுறது? நீ காதுல சொன்ன உடனே ரெண்டு சேர்த்து எழுதிருவேன். அப்புறம் புத்தகத்தைப் பாத்து அப்படியே வெட்டிருவேன்."

மழை சற்று வலுத்தது. அக்கா நாடாவின் இரு முனைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"எப்ப இருந்து?"

"கடை திறந்த நாள்ல இருந்து."

"பத்தொம்பது வருஷமா நான் ஒண்ணு சொல்ல, நீங்க ஒண்ணு எழுதினீங்களா?"

"உனக்குத் தெரியும்னுல்ல நினைச்சேன்!" மாஸ்டர் உண்மையாகவே திகைத்துப்போனார். "மனுஷன் உக்கார வேணாமா? சாப்பிட வேணாமா? மூச்சு விட வேணாமா? ரெண்டு இஞ்சு இல்லாம எப்படி?"

தம்பியின் சிரிப்பு நின்றது. அவன் படியிலிருந்து எழுந்து வந்து புத்தகத்தைப் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்தான். மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது. தொடக்க அளவாக ஏற்றியவை உடம்பின் அளவுகள் அல்ல, துணியின் அளவுகள். மூன்று வாரத்தில் குறைந்தது வயிறு அன்று. மாஸ்டர் பத்தொன்பது ஆண்டுகளாகச் சேர்த்துவந்த தளர்வு. ஒன்றரை குறைந்ததாகக் காட்டிய காவலாளி அரை அங்குலம் பெருத்திருந்தார்.

திரையை விலக்கிக்கொண்டு ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். ஒரு துண்டைச் சுற்றியிருந்தார். "என்ன மூணு பேரும் ஊமையாயிட்டீங்க? வெளிய வண்டி நிக்குது."

அக்கா அவரிடம் சொன்னாள். சுற்றி வளைக்காமல், ஆனால் மெதுவாக.

அவர் துண்டின் முடிச்சை இறுக்கிக்கொண்டார். "அப்ப நான் ஒண்ணுமே குறையல."

"இல்லண்ணே."

"ஏழு மணிக்கு மேல தின்னாம இருந்தது?"

"அது நடந்துது. அது பொய்யில்ல. ஆனா டேப்புல இன்னும் வரல."

"ம்." பொத்தானை மேசையில் வைத்தார். "பழையபடி பிரிச்சு விடுங்க மாஸ்டர். ரெண்டு இஞ்சையும்." பிரித்துத் தைக்கும் பத்து நிமிடமும் அந்தப் பெரிய உருவம் துண்டோடு, முக்காலியில், மழையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. அதைக் காணப் பொறுக்காமல் அக்கா இயந்திரத்தின் பக்கம் திரும்பி நின்றாள்.

பேருந்து போன பிறகு தம்பி கதவைச் சாத்தினான்.

"அக்கா, நான் சொல்றதக் கேளு. இப்ப யாருக்கும் தெரியாது. அந்த வாசகத்தை மெதுவா எடுத்துருவோம். ஒரு வாரம் கழிச்சு யாரும் கேக்க மாட்டாங்க."

"நாப்பத்தோரு பேருக்கு?"

"அவங்க சந்தோஷமா இருக்காங்க. சந்தோஷமா இருக்கிறவங்க நடப்பாங்க. நடந்தா நிஜமாவே குறையும். கெடுதல் என்ன?"

மாஸ்டர் ஊசியில் நூலைக் கோத்தபடி கேட்டார்: "மாப்பிள்ள, தப்பா வெட்டின துணியக் கஸ்டமர்கிட்ட சொல்லாம தைச்சுக் குடுத்தா என்ன ஆகும்?"

"இது துணி இல்ல மாமா. மத்த சைட்டுக்காரன் எவனாவது உண்மை சொல்றானா? நாம போய் 'எங்ககிட்ட ஒருத்தரும் குறையல, நாங்க புத்தகத்தைத் தப்பாப் படிச்சிட்டோம்'னு எழுதினா நாளைக்குக் காலைல பச்சைத் திரை மட்டும்தான் மிஞ்சும். மூவாயிரத்து நூறு பேரு அக்கா! நீ காலைல வாயைப் பொத்திக்கிட்டு நின்னியே!"

அது அவளுக்குத் தைத்தது. அந்தக் கூட்டம் அவளுடையது. வாழ்நாளில் அவள் தானாகக் கட்டிய ஒரே பொருள் அது. கடை மாஸ்டருடையது, வீடு வாடகை வீடு. அதை இழக்க அவள் விரும்பவில்லை. அன்று பிற்பகல், ரொட்டியைத் தேநீரில் நனைத்தவள் அது கரைந்து விழும்வரை கையில் பிடித்திருந்தாள். நான்கு மணிக்குக் கணினியின் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"நான் சொல்றேன், தட்டு."

"அக்கா..."

"அவங்க மூச்சை இழுத்துப் பிடிச்சா நான் அளக்க மாட்டேன்டா. இப்ப நானே இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். எத்தனை நாள் நிக்க முடியும்? தட்டு."

அவள் சொன்னதைத் தம்பி ஒரு சொல்லும் மாற்றாமல் ஏற்றினான்:

'இங்கே முதலில் சேர்ந்த நாற்பத்தொரு பேருக்கும் இரண்டு இஞ்சு குறைந்தது என்று போட்டிருந்தோம். அது தவறு. எங்கள் கடையில் அளவோடு இரண்டு இஞ்சு தளர்வு சேர்த்து எழுதுவார்கள். எனக்கு அது தெரியாது. தெரியாமல் அந்த எண்ணைக் கொடுத்துவிட்டேன். நான்கு பேருக்கு மட்டும் அரை இஞ்சு உண்மையாகக் குறைந்திருக்கிறது. மற்றவர்களுக்கு இல்லை. எங்களை நம்பி வந்தவர்கள் போய்விட்டால் அது நியாயம். இருப்பவர்களுக்கு அடுத்த ஞாயிறு ஆறு மணிக்குத் திரை திறந்திருக்கும். மூச்சை விடுங்கள். பிறகு அளக்கலாம். இப்படிக்கு, டேப்பக்கா.'

அந்த வாரம் மழை ஓயவில்லை. துணி உலரவில்லை; கடைக்குள் ஈர நூலின் வாடை நிறைந்தது. அக்கா தைத்தாள், பொத்தான் வைத்தாள், காஜா எடுத்தாள். திங்கட்கிழமை முந்நூறு பேர் விலகினார்கள். செவ்வாய்க்கிழமை ஏதோ ஒரு பொடித் தளத்தார் அவள் கடிதத்தைப் படம் எடுத்துப் போட்டு, 'தையற்காரியிடம் உடம்பைக் கொடுத்தால் இதுதான்' என்று எழுதினார்கள். புதனன்று அறுநூறு பேர். தம்பி எண்ணைச் சொல்வதை நிறுத்திவிட்டான், அவளும் கேட்கவில்லை.

வியாழனன்று தலைமைச் செவிலியின் செய்தி வந்தது. 'வார்டு முழுக்க என் பெயரைச் சொல்லித்தான் சேர்ந்தார்கள். இப்போது என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். என்னிடம் நேரில் வந்து சொல்லியிருக்கலாம்.' அக்கா அன்றே குடையை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனாள். அந்த அம்மா பணியில் இருந்தார், வெளியே வரவில்லை. அக்கா நடைக்கூடத்தில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பினாள்.

"என்ன சொன்னாங்க?" என்றார் மாஸ்டர்.

"ஒண்ணும் சொல்லல."

"நான் எழுதின ரெண்டு, உன்னைப் போட்டு இந்தப் பாடு படுத்துது."

"உங்க ரெண்டு இஞ்சுலதாங்க இந்த ஊரே உக்காந்து சாப்பிடுது," என்றாள் அவள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

மார்ச் பதினாறாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. மழை விட்டிருந்தது. கழுவித் துடைத்த தட்டைப்போல வானம் இருந்தது. ஆறு மணிக்கு மூவரும் கணினியின் முன்னால் நின்றார்கள். மாஸ்டர் இஸ்திரிப் பெட்டியைக்கூட அணைத்துவிட்டு வந்திருந்தார்.

சுழியம்.

ஆறு ஒன்று. சுழியம். ஆறு இரண்டு. தெருவில் பால் வண்டி கடந்து போயிற்று.

"சரி விடு," என்றாள் அக்கா. "காபி போடுறேன்."

"இரு அக்கா!"

ஆறு மணி நான்கு நிமிடத்திற்கு ஒன்று வந்தது. ஓட்டுநர். 'வண்டி கிளம்ப ஆறு நிமிடம் இருக்கிறது. கண்டக்டர் டேப்பின் மறுமுனையைப் பிடித்திருக்கிறான். நாற்பத்தொன்றே முக்கால். கால் இஞ்சு. டேப்பில் வந்துவிட்டது அக்கா.'

அக்கா நாற்காலியின் முதுகைப் பற்றிக்கொண்டாள். அதற்குள் அடுத்தது வந்தது. அடுத்தது. இருபது. நூறு. பிறகு முன்போலவே நீர் ஓடியது. தம்பி முன்னால் சாய்ந்தான். அவன் நெற்றி சுருங்கியது.

"ஏதோ கோளாறு."

"என்னடா?"

"எல்லாருக்கும் ஏறுது." அவன் விரல்கள் பாய்ந்தன. "போன வாரம் முப்பத்தெட்டு போட்டவங்க இன்னைக்கு முப்பத்தொம்பது போடுறாங்க. நாப்பதுக்காரர் நாப்பத்தொண்ணு. வரிசையா! இவங்க நம்ம கடைக்காரங்க இல்லக்கா, அப்புறம் சேர்ந்தவங்க. இவங்க கணக்குல எந்தத் தப்பும் கிடையாது. புரோக்ராம்தான் எங்கயோ..."

"கீழ என்ன எழுதியிருக்காங்க, படி."

அவன் படித்தான். முதலில் வேகமாக, பிறகு வேகம் குறைந்தது.

"'போன வாரம் வயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு அளந்தேன். இன்று விட்டுவிட்டேன்.' 'நானும் இழுத்துத்தான் பிடித்திருந்தேன்.' 'பேரே கேட்காத இடத்தில் யாரிடம் மறைத்தேன் என்று தெரியவில்லை. இதுதான் என் அளவு.' 'மூச்சை விட்டேன். நாற்பத்தாறு.' 'மூச்சை விட்டேன்.' 'விட்டுவிட்டேன் அக்கா.'"

அவன் நிறுத்திக்கொண்டான். திரையில் வரிகள் தாமாக ஏறிக்கொண்டே இருந்தன. ஆயிரத்து எண்ணூறு பேர். எஞ்சியவர்களில் பெரும்பாலோர், எவரும் கேட்காமலே, தங்கள் எண்ணை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஆயிரத்து எண்ணூறு அறைகளில் ஒரே காலைப்பொழுதில் பிடித்துவைத்திருந்த மூச்சு வெளியேறியது. அந்தக் காற்று சன்னல் வழியாக வந்து தன் முகத்தில் படுவதாகவே அக்காவுக்குத் தோன்றியது. பத்தொன்பது ஆண்டுகளில் ஒவ்வொருவராகத் திரைக்குள் கண்டதை இன்று அவள் ஒருசேரக் கண்டாள். கண்ணீர் வழிந்ததை அவள் துடைக்கவில்லை.

"அக்கா," என்றான் தம்பி, "ஒரே வாரத்துல இத்தனை பேருக்கு இடுப்பு ஏறின எடை குறைக்கிற சைட்டு உலகத்துலயே நம்மது ஒண்ணுதான்."

"எழுதிப் போடு முகப்புல," என்றார் மாஸ்டர்.

ஏழு மணிக்கு வரத்து ஓய்ந்தது. நாற்பத்தொரு பேரில் முப்பத்தொன்பது பேர் எழுதியிருந்தார்கள். காவலாளி வரவில்லை. தலைமைச் செவிலியும் வரவில்லை. தம்பி முட்டை அவித்தான். மாஸ்டர் கீழே போய்க் கடையைத் திறந்தார். அக்கா அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

ஏழு மணி முப்பத்தைந்து நிமிடத்திற்குத் திரையில் ஒரு வரி ஏறியது.

'இரவுப் பணி இப்போதுதான் முடிந்தது. செவிலியர் அறையில் அளந்தேன். என்னோடு வார்டுப் பெண்கள் ஆறு பேரும் அளந்தார்கள். எனக்கு நாற்பத்து மூன்று. அரை இஞ்சு ஏறியிருக்கிறேன். வியாழக்கிழமை நீங்கள் நடைக்கூடத்தில் நின்றதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். சரி, அது போகட்டும். ஒன்று கேட்கிறேன். எங்கள் எல்லாருடைய அளவும் உங்களிடம் இருக்கிறது. உங்கள் அளவு என்ன டேப்பக்கா?'

தம்பி அக்காவை நிமிர்ந்து பார்த்தான். பட்டியலில் அவள் அளவு இல்லை. ஆரம்பித்த நாளிலிருந்தே இல்லை. அதை அவன் கவனித்ததும் இல்லை.

அக்கா படியருகே போய்க் கீழே குரல் கொடுத்தாள். "ஏங்க, கொஞ்சம் மேல வாங்க. புத்தகத்தையும் எடுத்துட்டு வாங்க."

மாஸ்டர் வந்தார். அவள் கழுத்திலிருந்து நாடாவைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். அளவெடுப்பது அவருக்குப் பழக்கமில்லாத வேலை, நாடா முறுக்கிக்கொண்டது. அவள் நிமிர்ந்து, விறைப்பாக, கைகளை விலக்கி நின்றாள். அவர் சுற்றவில்லை. நாடாவைத் தளரப் பிடித்தபடி சிறிது நேரம் நின்றார்.

"மழை விட்டுருச்சே," என்றார். "துணியெல்லாம் மாடில போட்டுரலாமா?"

"போடலாம், ஆனா அந்த நர்ஸ் சட்டைய முதல்ல..." என்று தொடங்கியவள் பாதியில் நிறுத்திச் சிரித்தாள். மூச்சு வெளியே வந்தது. நாடா சுற்றியது.

மாஸ்டர் குனிந்து எண்ணைப் பார்த்தார். பிறகு அவள் காதருகே வாயைக் கொண்டுபோனார்.

"காதுல வேணாங்க. சத்தமாச் சொல்லுங்க."

"நாப்பத்தொம்பது," என்றார் மாஸ்டர்.

தம்பி தட்டினான். மாஸ்டர் புத்தகத்தில் ஒரு புதிய பக்கத்தைத் திறந்து நாற்பத்தொன்பது என்று எழுதினார். பேனா காகிதத்தின் மேல் ஒரு கணம் நின்றது. பிறகு ஒன்றும் சேர்க்காமல் மூடியை மாட்டினார். அப்போது மணி ஏழு நாற்பத்திரண்டு.